ஒரே ஆள், ஆறு கோலம்

திண்டுக்கல்லுக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், பழனி மலைமேல் நிற்கும் மூலவர் ஒருவர்தான். போகர் நவபாஷாணத்தால் செய்தது என்று மரபு சொல்லும் அந்தத் திருமேனி, கையில் தண்டம் பிடித்த ஆண்டி. ஆனால் ஒரு நாளின் ஆறுகால பூசைக்குள் அவர் ஆறு பேராகிவிடுகிறார். விளா பூசையில் சன்னியாசி. சிறுகாலச்சந்தியில் வேடர். காலச்சந்தியில் பாலசுப்பிரமணியர், அதாவது குழந்தை. உச்சிக்காலத்தில் வைதீகர். சாயரட்சையில் ராஜா. இராக்காலத்தில் முதியவர். பக்தர்கள் பலரும் காத்திருந்து பார்க்க விரும்புவது ராஜ அலங்காரத்தை. அடிவாரத்துப் படக்கடைகளில் அந்த ராஜாவும் கோவணம் கட்டிய ஆண்டியும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகிறார்கள். காலையில் எல்லாம் துறந்தவர் மாலையில் கிரீடம் வைத்துக்கொள்வது யாருக்கும் முரணாகத் தெரிவதில்லை.

தன்னைத் தானே படமெடுத்துத் தன் இயல்பை அறியும் பயிற்சிக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி இந்த வட்டாரத்தில் கிடைக்காது. ஒருவர் ஒரு வகைதான் என்று முடிவுகட்டும் பயிற்சி அல்ல இது. ஒரே முகத்தை ஆறு கோலத்தில் நிறுத்தி, எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை, எதைக் கட்டிக்கொள்ளவே கை வரவில்லை என்று பார்க்கும் பயிற்சி.

ராஜா, துறவி, வேடன், குழந்தை, கிழவர் என்று எல்லா ஊர்க் கதைகளிலும் திரும்பத் திரும்ப வரும் உருக்கள் மனித மனத்தின் அடியில் பொதுவாகக் கிடக்கின்றன என்றார் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் (1875–1961). தமிழ்த் திறனாய்வாளர்கள் இவற்றை ஆழ்படிமம் என்றும் தொல்படிமம் என்றும் எழுதுகிறார்கள். யுங் வெறும் கோட்பாட்டோடு நிற்கவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிப் பல ஆண்டுகள், தன் மனத்தில் எழுந்த உருவங்களைத் தன் கையாலேயே வண்ணம் தீட்டி ஒரு பெரிய சிவப்பு அட்டை ஏட்டில் வரைந்து வைத்தார். மீன்கொத்தியின் சிறகுகளோடு வரும் பிலேமோன் என்ற கிழவர் அவற்றில் பெயர்பெற்றவர். அந்த ஏடு அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகும் தறுவாயில், 2009இல்தான் அச்சில் வந்தது. ஆழ்படிமங்களைப் பற்றிப் பேசியவரே அவற்றை அறிய எடுத்த கருவி தூரிகை என்பது இந்த அத்தியாயத்துக்கு முக்கியம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ‘யுங்கின் பன்னிரண்டு ஆளுமை வகைகள்’ என்று ஒரு வட்டப்படம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு பன்னிரண்டு பேர் பட்டியலை யுங் தரவில்லை. அமெரிக்க எழுத்தாளர் கரோல் பியர்சன் 1986இல் ஆறு உருக்களை வைத்து ஒரு நூல் எழுதினார்; 1991இல் அதைப் பன்னிரண்டாக விரித்தார். 2001இல் மார்கரெட் மார்க்குடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் அந்தப் பன்னிரண்டை வணிகச் சின்னங்களுக்கும் விளம்பரத்துக்கும் பொருத்தியது. பட்டியலாக அது பயன்படலாம். ஆனால் பத்துக் கேள்விக்கு விடை சொன்னதும் ‘இவர் வீரன்’, ‘இவர் பராமரிப்பாளர்’ என்று முத்திரை குத்தும் சோதனைகள் ஆளைச் சுருக்கிவிடுகின்றன. ஆளுமையை அளக்க முனையும் ஆய்வாளர்கள் இன்று பெரும்பாலும் வகைகளை நம்புவதில்லை. ஐந்து பண்புகள் ஒவ்வொருவரிடமும் எந்த அளவில் இருக்கின்றன என்றே பார்க்கிறார்கள். எனவே கோலம் என்பது மருத்துவச் சான்று அல்ல. அது ஒரு கேள்வி கேட்கும் வழி.

வேடம் கட்டுவது தமிழருக்குப் புதிதா என்ன? பள்ளி ஆண்டு விழாவின் மாறுவேடப் போட்டியில் முண்டாசும் மீசையுமாகப் பாரதி, வாளோடு வேலு நாச்சியார், கண்ணாடியும் கம்புமாகக் காந்தி என்று பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து காளி, குறவன், குறத்தி, ராஜா, போலீஸ், குரங்கு என்று வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை பெற்றுக் கோயிலில் செலுத்துகிறார்கள். ராஜா வேடம் போட்டவரும் கையேந்தியே ஆக வேண்டும். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கருப்பசாமி கோலத்தில் அழகர் மீது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களில் திண்டுக்கல் பக்கத்து ஆட்களும் உண்டு. ஆண்டு முழுவதும் கடையிலோ வயலிலோ அலுவலகத்திலோ இருப்பவருக்கு, சில நாட்கள் வேறொருவராக நடக்க ஊரே அனுமதி தருகிறது.

ஸ்டுடியோக்களும் இதைச் செய்தன. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் திரட்டி எண்மமாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்தார்கள். அத்தகைய பழைய படங்களைப் பார்த்தால், எழுத்தறியாதவர் கையிலும் புத்தகம் இருக்கும். வீட்டில் தொலைபேசி இல்லாதவர் காதிலும் ரிசீவர் இருக்கும். பூப்பெய்திய பெண்ணைக் கண்ணாடி முன் நிறுத்தி, பூத்தைத்த சடையும் முகமும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். கிருஷ்ணர் வேடமிட்ட குழந்தை இல்லாத பழைய ஆல்பம் அரிது. அவை பொய்ப் படங்கள் அல்ல. ஒருவர் எப்படிப் பார்க்கப்பட ஆசைப்பட்டார் என்பதை அவை வெளிப்படையாகவே சொல்கின்றன.

முன்னே செய்தவர்கள்

புகைப்படக் கலை பிறந்த சூட்டோடு கோலம் கட்டிய தன்படமும் பிறந்துவிட்டது. 1840இல் பிரான்சின் இப்போலித் பயார், தண்ணீரில் மூழ்கி இறந்தவராகத் தன்னைக் கிடத்திப் படம் எடுத்தார். புகைப்பட முறையைத் தானும் கண்டுபிடித்திருக்க, அரசின் மரியாதையெல்லாம் இன்னொரு கண்டுபிடிப்பாளரான தாகேருக்கே போனது என்ற வருத்தம் அவருக்கு. சொல்ல முடியாத மனக்குறையைப் பிணக்கோலத்தில் சொன்னார். இந்தியாவில் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ராம் சிங், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், தானே கேமராவைக் கையாளக் கற்றுக்கொண்டு, சிவபக்தராகத் தன்னைப் படமெடுத்துக்கொண்டார். ராஜாவாக இருந்தவருக்கு ராஜா கோலம் போதவில்லை.

ஸ்டுடியோக்காரர் ஒருவரின் கதை திண்டுக்கல் வாசகர்களுக்கு நெருக்கமாக இருக்கும். கேமரூனில் 1962இல் பிறந்த சாமுவேல் ஃபோஸோ, 1975இல், பதின்மூன்று வயதிலேயே, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில் ஸ்டுடியோ திறந்தார். பகலில் வாடிக்கையாளர் படம். சுருளில் கடைசியாக மிச்சமிருக்கும் சில சட்டங்களில் தன் படம். நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு, பேரன் நலம் என்று காட்டி அனுப்புவதற்காக அது தொடங்கியது. பெரிய கண்ணாடி, அகலக் கால்சட்டை, உயர்ந்த குதிகால் செருப்பு என்று ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இளைஞனாக நின்றான் அந்தப் பையன். பல ஆண்டுகள் கழித்து, 2008இல், நெல்சன் மண்டேலா, மால்கம் எக்ஸ், ஏஞ்சலா டேவிஸ் போன்றோராகத் தன்னையே நிறுத்தி ஒரு படத்தொடர் செய்தார். நம்மூர் மாறுவேடப் போட்டியும் அதே வேலையைத்தான் தொடங்கி வைக்கிறது. மேடையிலிருந்து இறங்கியதும் யாரும் அதைத் தொடர்வதில்லை என்பதே குறை.

தென்னிந்தியாவில் இந்த வேலையை மிகத் தீவிரமாகச் செய்தவர் பெங்களூருவைச் சேர்ந்த ந. புஷ்பமாலா. 1956இல் பிறந்தவர், சிற்பியாகப் பயின்றவர். 2000 முதல் 2004 வரை புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களை உலகம் எந்தெந்த அச்சில் பார்த்து வந்திருக்கிறது என்பதைத் தன் உடம்பாலேயே மறுபடி நடித்துக் காட்டினார். ரவி வர்மா ஓவியத்து நிலவொளிப் பெண், வேளாங்கண்ணி மாதா, தமிழ்ச் சினிமாவில் சாட்டை சுழற்றும் நாயகி, குற்றவாளி என்று உருக்கள் விரிந்தன. தோடர் பெண்ணாகவும் நின்றார். அந்தப் படம் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் பழங்குடியினரைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி அளவெடுத்த பாணியைத் திரும்பச் செய்வது. திரையும் உடையும் விளக்கும் அசலைப் போலவே செய்யப்பட்டன. ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே முகம் என்பதால், பார்ப்பவருக்கு அந்த அச்சுகள்தான் கண்ணில் உறுத்தும். தேவியும் குற்றவாளியும் ஒரே பெண்ணாக இருக்கையில், அந்த வகைகளை யார் உண்டாக்கினார்கள் என்ற கேள்வி தானே எழுகிறது.

உருக்களைத் தேர்ந்தெடுத்தல்

எதை எதையெல்லாம் கட்டுவது? பன்னிரண்டு பேர் பட்டியலைக் கையில் எடுப்பதைவிட, சுற்றுவட்டாரத்தைப் பார்ப்பது மேல். திண்டுக்கல் சமவெளியில் உருக்களுக்குப் பஞ்சமில்லை.

அரசிக்கு வேலு நாச்சியார் இருக்கிறார். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, இந்த மாவட்டத்து விருப்பாச்சியில் கோபால நாயக்கரின் ஆதரவில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இருந்து, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டவர். அவரை நேரில் பார்த்து வரைந்த உருவப்படம் ஏதும் புழக்கத்தில் இல்லை. 2008 அஞ்சல் தலையில் இருப்பதும் கற்பனை முகமே. அதனால் அவரைக் கட்டுகிறவருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. குதிரையும் வாளும் வேண்டியதில்லை. விருப்பாச்சியில் காத்திருந்த எட்டு ஆண்டுகளின் நாச்சியாரை, ஆயுதம் இல்லாமல், ஒரு சன்னல் ஓரத்தில் நிறுத்திப் பார்க்கலாம். வென்ற அரசியைக் காட்டுவது எளிது. காத்திருக்கும் அரசிக்கு முகத்தில் எதைக் கொண்டுவருவது என்று யோசிக்கும்போதுதான் படம் எடுப்பவரின் சொந்த வாழ்க்கை உள்ளே வரும்.

கலகக்காரருக்கும் துறவிக்கும் சேர்த்தே ஒருவர்: வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த சுப்பிரமணிய சிவா. காவி உடுத்து அரசியல் மேடை ஏறியவர். சிறையில் அவரைத் தொழுநோய் பற்றியது. ரயிலில் ஏறத் தடை வந்தபோதும் ஊர் ஊராக நடந்து பேசினார், 1925இல் மறைந்தார். ஒரே காவித்துணியில் விலகலும் சண்டையும் எப்படி இருக்க முடியும் என்பது படத்துக்கு நல்ல சிக்கல். குணமாக்குபவருக்கு டாக்டர் டி. எஸ். சௌந்தரம் (1904–1984). இளமையிலேயே கணவரை இழந்து, மருத்துவம் படித்து, 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்து, அவருடன் சேர்ந்து 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். அவரைத் தாயாக மட்டும் பார்ப்பது பாதிதான்; வழக்கத்தை மீறிய பெண்ணும் அதே கதர்ப்புடவைக்குள் இருந்தார்.

பேர் தெரியாத உருக்களும் உண்டு. தை மாதம் திண்டுக்கல் சாலை ஓரமாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர், அலைந்து திரிபவர் என்ற உருவின் நம்மூர் வடிவம். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் விலை சொல்பவரும் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குபவரும் இருக்கிறார்கள். கோட்டை மாரியம்மனின் சீற்றமும் அருளும் ஊர் முழுக்கத் தெரிந்தவை. காவல்காரருக்குத் திண்டுக்கல் பூட்டைவிடப் பொருத்தமான கைப்பொருள் வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. கையில் பூட்டோடு நிற்பவர் கதவுக்கு உள்ளே நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா? சாவியும் படத்தில் இருக்கிறதா? இந்த இரண்டையும் முடிவு செய்ய நேரம் எடுத்துக்கொள்வது நல்லது. காவல் காப்பவருக்கும் அடைபட்டவருக்கும் இடையிலான தூரம் அந்த முடிவில் தெரிந்துவிடும்.

ஆறு போதும். நான்கு, பிடித்த உருக்களாக இருக்கலாம். ஐந்தாவது, எரிச்சல் தருகிற ஒன்றாக இருக்க வேண்டும். ஆறாவது, கட்டுவதற்கே கூச்சமோ பயமோ தருகிற ஒன்று. கடைசி இரண்டும் தவிர்க்கக் கூடாதவை. தன்னைச் சேர்ந்ததல்ல என்று ஒருவர் ஒதுக்கி வைப்பதையே யுங் நிழல் என்றார். பயிற்சியின் பலன் பெரும்பாலும் அந்த இரண்டு படங்களிலிருந்தே கிடைக்கும். குடும்பத்தைச் சுமந்தே பழகிய ஒருவருக்குச் சோம்பேறியாக ஈசிச்சேரில் படுப்பது கடினம். எப்போதும் வேடிக்கை பேசுகிறவருக்குச் சிரிக்காத முதியவராக ஒரு நிமிடம் உட்காருவது கடினம்.

எடுக்கும் முறை

கருவி கைப்பேசியே போதும். ஆனால் கையை நீட்டி எடுக்கும் செல்ஃபி இதற்கு ஆகாது. 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுத்த முகத்தில் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 விழுக்காடு பெரிதாகத் தெரிகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒன்றரை மீட்டருக்குப் போனால் அந்தக் கோணல் மறைகிறது. மேலும் கை தெரியும் படத்தில் ‘படம் எடுக்கும் ஆள்’ என்ற ஒரே உருவே மிஞ்சும். ஸ்டூல் மேல் இரண்டு செங்கல், அதில் சாய்த்து வைத்த கைப்பேசி, பின்பக்கக் கேமரா, பத்து விநாடி டைமர். இவ்வளவுதான். பத்து விநாடி என்பது நீளமாகத் தோன்றும். அந்த நேரத்தில் மூச்சு அடங்கி, முதலில் போட்ட போலிச் சிரிப்பு கரையும். அதற்குத்தான் மூன்று விநாடி டைமரைவிட இது சிறந்தது.

வெளிச்சத்துக்குத் திண்ணை. சமவெளியின் நடுப்பகல் வெயில் கண்குழியில் கறுப்பு நிழலை இறக்கிவிடும். ஓட்டுச் சாய்ப்பின் கீழே, வெளிச்சம் வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் முகம் மெதுவாக ஒளிரும். நிழல் விழும் கன்னத்தின் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்தால் அங்கும் ஒளி ஏறும். பின்னணிக்குச் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை ஒன்றை விரித்துக் கட்டலாம். துறவிக்கும் முதியவருக்கும் ஒன்றுமில்லாத சுண்ணாம்புச் சுவர் நல்லது. திண்டுக்கல் மலைக்கோட்டையில் எடுக்க ஆசைப்படுபவர்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கைப்பேசியில் எடுப்பது வேறு, முக்காலி போட்டு எடுப்பது வேறு, பின்னதற்கு முன் அனுமதி வேண்டும்.

கேமராவின் உயரம், உடையைவிட அதிகம் பேசும். இடுப்பு உயரத்தில் வைத்து மேல்நோக்கினால் ஆள் ஓங்கித் தெரிவார். தலைக்கு மேலிருந்து பார்த்தால் சிறுத்துப்போவார். ராஜாவைக் கீழிருந்து எடுப்பதும் ஆண்டியை மேலிருந்து எடுப்பதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. மாற்றி எடுத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்க்கப்பட்ட ராஜா தனியாள். கீழிருந்து பார்க்கப்பட்ட ஆண்டி மலைமேல் நிற்பவர்.

உடை கட்டிய பிறகும் முகம் பழையபடியே இருந்தால்? இங்கே தொல்காப்பியம் கைகொடுக்கிறது. அதன் மெய்ப்பாட்டியல், மனத்தில் எழுவது உடம்பில் தெரியும் விதத்தை எட்டாக வகுக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றுக்கும் நான்கு ஊற்றுக்கண்கள் சொல்கிறது. பெருமிதம் கல்வியாலும் வரும், அஞ்சாமையாலும் வரும், புகழாலும் வரும், கொடையாலும் வரும். இது நடிப்புப் பயிற்சிக்கு ஏற்ற நுட்பமான பார்வை. ராஜா கோலத்தில் அமர்ந்தவர் வெறுமனே ‘கம்பீரமாக’ இருக்க முயன்றால் நெஞ்சு விறைக்கும், அவ்வளவே. மாறாக, தான் ஒரு முறை பயப்படாமல் நின்றதை நினைத்துக்கொண்டு ஒரு படம். யாருக்கோ எதையோ கொடுத்ததை நினைத்துக்கொண்டு ஒரு படம். கற்றுத் தேர்ந்த ஒன்றை நினைத்து இன்னொன்று. நாலு பேர் புகழ்ந்ததை நினைத்து மற்றொன்று. கிரீடமும் நாற்காலியும் ஒன்றுதான், தாடையும் கண்ணும் நான்கிலும் வேறு. கொடையின் பெருமிதத்தில் தோள் தளர்ந்திருக்கும். புகழின் பெருமிதத்தில் கண் கேமராவைத் தேடும். எந்தப் படத்துக்கு நினைவு உடனே வந்தது, எதற்கு ஒன்றுமே வரவில்லை என்பதை ஒரு தாளில் குறித்து வைப்பது அவசியம். கொடுத்ததை நினைக்க ஒன்றும் கிடைக்காமல் ஒருவர் திணறினால், அதுவும் ஒரு கண்டுபிடிப்பே.

அச்சத்துக்கும் அப்படியே நான்கு வழி உண்டு: தெய்வம், விலங்கு, கள்வர், தன்னை ஆள்பவர். சிறுமலை அடிவாரத் தோட்டக்காரருக்குக் காட்டு விலங்கின் அச்சம் தெரிந்திருக்கும். அலுவலகத்தில் இருப்பவருக்கு நான்காவது.

கட்டக் கூடாதவை

கோலம் கட்டுவதில் ஓர் எல்லை உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுமலையிலும் பழனி மலைத்தொடரிலும் பளியர்கள் வாழ்கிறார்கள். ‘காட்டுவாசி’ என்ற உருவைக் காட்ட, முகத்தில் கரி பூசி, இலை தழை கட்டிக்கொண்டு பளியராக நிற்பது கூடாது. மக்களை வகைகளாகப் பிரித்துப் படமெடுக்கும் பழக்கத்துக்கு இந்த நாட்டில் கசப்பான வரலாறு உண்டு. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ நூலில் ஆங்கில அரசு 468 படங்களை வைத்து மனிதரைச் சாதியாகவும் குலமாகவும் அடுக்கியது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளை அடுக்கினார். படத்தில் இருந்த மனிதருக்குத் தன் கோலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கே இல்லை. புஷ்பமாலா தோடர் பெண்ணாக நின்றது அந்த அளவுக் கட்டத்தைக் கேள்வி கேட்பதற்கு. அந்தக் கேள்வி இல்லாமல் இன்னொரு சமூகத்தின் உடையை எடுத்துப் போடுவது வேடிக்கை பார்ப்பதாகவே முடியும். வேடன் கோலம் வேண்டுமென்றால் வேட்டையாடும் கவனத்தைக் கண்ணில் கொண்டுவர முடியும். அதற்கு யாருடைய தோல் நிறமும் தேவையில்லை.

பிள்ளைகள் இதைச் செய்யும்போது படங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். துக்கத்தில் இருப்பவர், பழைய காயம் ஒன்று கிளறப்படுவதாக உணர்பவர், ஆறாவது உருவைத் தள்ளி வைப்பதில் தவறில்லை. படம் எடுத்த பிறகு மனம் நிலைகொள்ளாமல் போனால், அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

படத்தைப் பார்த்தல்

எடுத்த அன்றே பார்க்க வேண்டாம். உடை, ஒப்பனை, வெளிச்சம் பற்றிய கவலைகள் ஓய ஒரு வாரமாவது ஆகும். அதன் பிறகு ஆறு படங்களையும் அஞ்சலட்டை அளவில் அச்செடுத்துத் தரையில் பரப்ப வேண்டும். கைப்பேசித் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதில் ஒப்பீடு வராது.

தன் முகத்தைத் தானே மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் நாள்தோறும் பார்ப்பது கண்ணாடியில் இடவலம் மாறிய முகத்தை. 1977இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்றில், பெண்கள் தங்கள் படத்தின் கண்ணாடி வடிவத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய நெருங்கிய தோழிகளும் காதலர்களும் நேர் வடிவத்தை விரும்பினார்கள். பழகிய முகமே பிடிக்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே ‘நல்லா இல்லை’ என்று முதல் பார்வையில் ஒதுக்கிய படம் மோசமான படமாக இருக்க வேண்டியதில்லை. அது வெறுமனே பழகாத முகமாக இருக்கலாம்.

இரண்டு பேரிடம் காட்டுவது நல்லது: ஒருவர் வீட்டார், இன்னொருவர் அவ்வளவு நெருக்கம் இல்லாதவர். எந்த உரு எது என்று சொல்லாமல், ஆறையும் வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும்: முன்பின் தெரியாத ஊரில் வழி கேட்பதென்றால் இந்த ஆறு பேரில் யாரிடம் முதலில் கேட்பீர்கள்? யாரிடம் பணம் கொடுத்து வைப்பீர்கள்? யார் வீட்டில் சாப்பிடுவீர்கள்? ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்ற பதில்தான் வரும். இப்படிக் கேட்டால் விடைகள் எதிர்பாராமல் வரும். ராஜாவிடம் யாரும் வழி கேட்க மாட்டார்கள். பயந்த முகத்திடம் சிலர் பணத்தை நம்பிக் கொடுப்பார்கள். கோபக்கார அம்மனின் வீட்டில் சாப்பிடத் தயாராக இருப்பவர், அந்தக் கோபத்தில் தனக்குப் பழக்கமான ஒரு பாட்டியைப் பார்த்திருக்கக் கூடும்.

படம் எடுத்தவரும் அதே கேள்விகளுக்குத் தன் விடையைத் தனியே எழுதி வைத்து, பிறகு மூவரின் விடைகளையும் ஒப்பிட வேண்டும். மூவரும் ஒத்துப்போகும் படத்தில் பேச அதிகம் இருக்காது. ஒருவர் முதலிலும் இன்னொருவர் கடைசியிலும் வைத்த படத்தை எடுத்து, அது எந்த உரு என்று அப்போது சொல்லி, ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்க வேண்டும். பேச்சு நீளும். அதில் வரும் சொற்களைப் படத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதி, தேதி போட்டு வைத்தால், அடுத்த ஆண்டு அதே ஆறு உருக்களை மறுபடி கட்டும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும்.